கறளை மூடாதீர்கள்: பழைய ஜீப்பின் அடிப்பாகப் பிடிமானங்களைத் திருத்துவது எப்படி?

வாகனப் பராமரிப்பு பற்றிய எமது வானொலி உரைகளின் வரிசையில், பழைய ஜீப் வாகனங்களைப் பற்றிப் பேசுமாறு பலர் கேட்டிருந்தீர்கள். அந்த உரையைச் சற்று விரிவாக்கி இங்கே எழுத்தில் தருகின்றோம்.

இங்கு ஒன்ராறியோவில் வளர்ந்த எங்கள் பிள்ளைகள் சிலர் பழைய ஜீப் ரங்லர் வாங்குவதில் ஆர்வம் காட்டுகின்றார்கள். வேலைக்குப் போய்வர அல்ல. ஹலிபேர்ட்டன், பான்குறொவ்ற் பக்கத்துக் காட்டுப் பாதைகளில் ஓடுவதற்கும், கோடையில் கூடாரம் போட்டுத் தங்குவதற்கும். வாங்கிய சில மாதங்களில் பின்பக்கத்தில் இருந்து "டொக், டொக்" என்று சத்தம் வரும். அப்பா குனிந்து பார்ப்பார். ஊரிலே மொறிஸ் மைனரையும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜையும் பிரித்துப் பூட்டிய கை அவருடையது. பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய தலைமுறை அது. "ஒரு தகட்டை வைச்சு ஒட்டிவிட்டால் சரி" என்பார். மகனோ மகளோ இணையத்தில் பார்த்துவிட்டு, "இல்லை அப்பா, இது பெரிய வேலை" என்பார்கள்.

இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கின்றது. எங்கே தகடு வைத்து ஒட்டலாம், எங்கே ஒட்டக் கூடாது என்பதைத்தான் இன்று பார்க்கப் போகின்றோம். அந்த வாகனத்தில் எங்கள் பிள்ளைகள் நெடுஞ்சாலையில் நூறு கிலோமீற்றர் வேகத்தில் போகப் போகின்றார்கள் என்பதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

பிடிமானம் என்றால் என்ன?

1987 தொடக்கம் 1995 வரை வந்த ரங்லர்களில், எங்கள் ஊர் லொறிகளில் இருந்ததைப் போல, தகடு தகடாக அடுக்கிய பட்டை ஸ்பிறிங்தான் இருந்தது. அந்தப் பட்டை இரண்டு வேலை செய்யும். வாகனத்தின் பாரத்தைத் தாங்கும். அத்தோடு அக்சிலை முன்னே பின்னே போகவிடாமல் பிடித்தும் வைத்திருக்கும்.

1997 முதல் 2006 வரை வந்த, ரிஜே என்று அழைக்கப்படும் மாதிரியில் சுருள் ஸ்பிறிங் வந்தது. சுருள் ஸ்பிறிங் பாரத்தை மட்டுமே தாங்கும். அக்சிலைப் பிடித்து வைப்பதற்கு வேறு ஏற்பாடு வேண்டும். அதற்காக முன் அக்சிலுக்கு நான்கு, பின் அக்சிலுக்கு நான்கு என்று இரும்புக் கைகள் பூட்டப்பட்டிருக்கின்றன. இவற்றைக் கொன்ரோல் ஆர்ம் என்கிறார்கள். கீழே இரண்டு, மேலே இரண்டு. இவற்றைத் தவிர, அக்சில் பக்கவாட்டில் நகராமல் குறுக்கே ஒரு தண்டு, அதாவது ட்ராக் பார், முன்னும் பின்னும் இருக்கின்றது.

ஒவ்வொரு கையின் ஒரு முனை அக்சிலில் ஒட்டப்பட்ட பிறக்கெற்றிலும், மறு முனை அடிச்சட்டத்தில் ஒட்டப்பட்ட பிறக்கெற்றிலும் போல்ற் மூலம் பூட்டப்பட்டிருக்கும். அடிச்சட்டம் என்பது நாங்கள் ஊரில் செசி என்று சொல்வது. இங்கே பிறேம் என்பார்கள். இந்தப் பிறக்கெற்றுகளையே இக்கட்டுரையில் பிடிமானம் என்று குறிப்பிடுகின்றோம்.

நீங்கள் பிரேக்கை அழுத்தும்போது சக்கரம் நிற்கப் பார்க்கும். வாகனமோ ஓடப் பார்க்கும். அந்த இழுபறி முழுவதும் இந்தக் கைகள் வழியாகப் பிடிமானத்துக்குப் போகின்றது. வேகம் எடுக்கும்போதும் அப்படியே. ஒரு பக்கத்துக் கீழ்ப் பிடிமானம் கழன்றால் அந்தப் பக்கச் சக்கரம் பின்னுக்கோ முன்னுக்கோ நகரும். ஸ்ரியரிங்கை நீங்கள் நேராகப் பிடித்திருந்தாலும் வாகனம் தானாகத் திரும்பும். இதில் விளையாட்டு இல்லை என்பதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

ஏன் இவை உடைகின்றன?

முதற் காரணம் உப்பு. குளிர்காலத்தில் பனியை உருக்க வீதியில் போடும் உப்பு, நீர் உறையும் வெப்பநிலையைக் குறைக்கின்றது. கடுங்குளிருக்குக் கல்சியம் குளோரைட், மக்னீசியம் குளோரைட் கலந்த உப்புநீரையும் தெளிக்கின்றார்கள். இவை காற்றில் உள்ள ஈரத்தைத் தாமே இழுத்து வைத்திருக்கும் குணம் உடையவை. மழை இல்லாத நாளிலும் இரும்பு ஈரமாகவே இருக்கும். சூடாக்கப்பட்ட கராஜில் வாகனத்தை விட்டால், கறள் இன்னும் வேகமாகப் பிடிக்கும். குளிரில் மெதுவாக நடக்கும் வேலை சூட்டில் விரைவாக நடப்பதே காரணம்.

ரிஜே ஜீப்பின் அடிச்சட்டம் நாலு பக்கமும் மூடிய பெட்டிக் குழாய் போன்றது. பின் சக்கரத்துக்குச் சற்று முன்னால் அது தாழ்ந்து, பிறகு அக்சிலுக்கு மேலாக வளைந்து எழுகின்றது. துவாரங்கள் வழியாக உள்ளே போகும் சேறும் உப்புநீரும் அந்தத் தாழ்ந்த இடத்தில் தேங்குகின்றன. பின் அக்சிலின் கீழ்க் கைகளுக்கான பிடிமானம் இருப்பதும் அதே இடத்தில்தான். ஆகவே வெளியே கறுப்புப் பெயின்ற் பளபளக்க, உள்ளே இருந்து இரும்பு அரித்துக்கொண்டே வரும். இந்த மாதிரியை வாங்குபவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

இது ஜீப்புக்கு மட்டும் உரிய நோய் அல்ல. 1995 முதல் 2000 வரையான ரொயோட்டா ரக்கோமா வாகனங்களின் அடிச்சட்டம் கறள் பிடித்து ஓட்டையானதால், 2008 இல் அமெரிக்காவில் அந்த நிறுவனம் அவற்றுக்குப் 15 ஆண்டு உத்தரவாதம் அறிவித்து, மோசமான நிலையில் இருந்தவற்றைத் திரும்ப வாங்கியது. நல்ல பெயர் எடுத்த வாகனம் என்பதற்காகக் கீழே பார்க்காமல் வாங்கக் கூடாது.

இரண்டாவது காரணம் இரும்பின் களைப்பு. ஒரு கம்பியை மறுபடி மறுபடி வளைத்தால் எப்படி முறிகின்றதோ, அப்படியே பல இலட்சம் தடவை இழுபட்ட பிறக்கெற்றில், ஒட்டின் ஓரத்தில் மயிரிழை போன்ற வெடிப்பு விழும்.

மூன்றாவது, கைகளின் முனையில் இருக்கும் ரப்பர் புஷ் காய்ந்து போவது. அல்லது போல்ற் தளர்வது. தளர்ந்த போல்ற் ஒவ்வொரு அடியிலும் துவாரத்தைத் தட்டித் தட்டி முட்டை வடிவமாக்கிவிடும். முன்பக்க ட்ராக் பாரின் பிடிமானத்தில் இது நடந்தால், மணிக்கு 70, 80 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு சிறு குழியில் ஏறி இறங்கியவுடன் ஸ்ரியரிங் கட்டுக்கடங்காமல் உதறத் தொடங்கலாம்.

நான்காவது, எங்கள் இளையவர்கள் விரும்பிச் செய்யும் வேலை: வாகனத்தை உயர்த்தி 33 அங்குல ரயர் போடுவது. ரயர் பெரிதானால் பிடிமானத்தில் விழும் விசையும் கூடும். உயர்த்தும்போது கைகள் கூடுதல் சரிவில் நிற்பதால், பிறக்கெற் எதிர்பாராத திசையில் இழுபடும். புதிய இரும்புக்கே இது சுமை. இருபது வருடக் கறள் பிடித்த இரும்புக்குக் கேட்கவே வேண்டாம்.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை

வாகனத்தை ஜாக்கியில் மட்டும் தூக்கி வைத்துக்கொண்டு ஒருபோதும் கீழே படுக்காதீர்கள். சமதரையில், அடிச்சட்டத்துக்குக் கீழ் உறுதியான ஸ்ராண்ட் கொடுத்த பின்னரே உள்ளே போங்கள்.

1. சுத்தியலால் பிடிமானத்தைச் சுற்றித் தட்டிக்கொண்டு போங்கள். நல்ல இரும்பு "கிண்" என்று ஒலிக்கும். அரித்த இரும்பு "பொத்" என்று சொல்லும். எங்கே ஓசை மாறுகின்றதோ அங்கே சோக்கட்டியால் கோடு போடுங்கள்.

2. பழைய ஸ்குறூ டிரைவரின் நுனியால் அந்த இடத்தை அழுத்திக் குத்துங்கள். உள்ளே இறங்கினால் அங்கு இரும்பு இல்லை, கறள் மட்டுமே இருக்கின்றது.

3. ஒட்டின் ஓரங்களைக் கம்பித் தூரிகையால் சுத்தமாக்கி, வெளிச்சம் பிடித்துப் பாருங்கள். நேர்கோடாக ஒரு செம்மண் நிறக் கசிவு தெரிந்தால் அது பெரும்பாலும் வெடிப்பு.

4. வாகனத்தை நிலத்தில் இறக்கிய பின், ஒருவர் பிரேக்கை நன்றாக அழுத்திக்கொண்டு கியரை ரிவேர்சுக்கும் டிரைவுக்கும் மாற்றட்டும். மற்றவர் தூரத்தில், பக்கவாட்டில் நின்று பின் சக்கரத்தைப் பார்க்க வேண்டும். முன்னாலோ பின்னாலோ யாரும் நிற்கக் கூடாது. சக்கரம் முன்னும் பின்னும் நகர்வது கண்ணுக்குத் தெரிந்தால், புஷ், போல்ற், பிடிமானம் ஆகிய மூன்றில் ஒன்று போய்விட்டது.

எப்போது திருத்தலாம், எப்போது விட வேண்டும்?

பிறக்கெற் மட்டும் வெடித்து, அது ஒட்டியிருக்கும் அடிச்சட்டம் நல்ல இரும்பாக இருந்தால் திருத்தலாம். இது பட்டறை வேலை தெரிந்த ஒருவருக்குப் பெரிய காரியம் அல்ல.

அடிச்சட்டத்தின் ஒரு பகுதி மட்டும் அரித்து, இரு புறமும் நல்ல இரும்பு இருந்தால், அப்பகுதியை வெட்டி எடுத்துவிட்டுப் புதிய துண்டு வைக்கலாம். ரிஜே ஜீப்புக்கு இந்த இடத்துக்கென்றே அளவாக வெட்டி வளைத்த துண்டுகள், பிடிமானத்தோடு சேர்த்துக் கடைகளில் கிடைக்கின்றன. ஆனால் இது அனுபவமுள்ள வெல்டர் செய்ய வேண்டிய வேலை.

அடிச்சட்டத்தின் இரு பக்கமும், பல இடங்களில் ஓட்டையாகி, மேற்பக்கத் தகடும் மெலிந்துவிட்டால் விட்டுவிடுங்கள். முழு அடிச்சட்டத்தையும் மாற்றுவது அல்லது வாகனத்தைக் கைவிடுவது என்ற இரண்டே வழிகள்தான் உண்டு.

கறளுக்கு மேலே தகடு வைத்து ஒட்டுவது மட்டும் எந்த நிலையிலும் சரியல்ல. ஊரில் அப்படிச் செய்து பல வருடம் ஓடிய வாகனங்கள் உண்டு என்று சொல்வீர்கள். உண்மைதான். ஆனால் ஊரிலே வீதிக்கு உப்புப் போடுவதில்லை. வேகமும் இப்படி இல்லை. இங்கே அந்தத் தகட்டுக்கும் கறளுக்கும் இடையில் உப்புநீர் நின்று, இரண்டு குளிர்காலத்தில் ஒட்டு பிடித்திருக்க இரும்பே இல்லாமற் போகும். மேலே தகடு இருப்பதால் அது எவர் கண்ணுக்கும் தெரியாது.

வேலையைத் தொடங்குமுன்

பற்றரியைக் கழற்றுங்கள். எரிபொருள் குழாயும் பிரேக் குழாயும் அடிச்சட்டத்தை ஒட்டியே போகின்றன. அவற்றை விலக்கி மறைக்க வேண்டும். எரிபொருள் தாங்கிக்கு அருகே வேலை என்றால் தாங்கியைக் கழற்றி வெளியே வைக்க வேண்டும். மேலே வாகனத்துக்குள் இருக்கும் கம்பளத்தை மடித்து எடுங்கள். கறளுக்காக முன்னர் எண்ணெய் தெளித்த வாகனமாக இருந்தால், பெட்டிச் சட்டத்தின் உள்ளே இருக்கும் அந்த எண்ணெய் தீப்பிடிக்கும். முதலில் கழுவி உலர்த்துங்கள். தீயணைக்கும் கருவியோடு இன்னொருவர் அருகில் நிற்பது அவசியம்.

நஞ்சுப் புகையைப் பற்றியும் சொல்ல வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கப் பலர் பிரேக் கிளீனர் தெளிக்கின்றார்கள். அதில் குளோரின் சேர்ந்த வகை இருக்கின்றது. அது படிந்த இரும்பில் வெல்டிங் செய்தால் பொஸ்ஜீன் என்ற நச்சு வாயு உண்டாகும். முதலாம் உலகப் போரில் ஆட்களைக் கொல்லப் பயன்பட்ட அதே வாயு. ஆகவே டப்பாவில் 'நொன் குளோரினேற்றட்' என்று இருக்கின்றதா என்று பார்த்தே வாங்குங்கள். அப்படிப்பட்டதும் தீப்பிடிக்கக் கூடியது என்பதால், தெளித்தது முற்றாகக் காயும்வரை காத்திருங்கள். நாகம் பூசிய தகட்டையும் போல்ற்றையும் ஒட்டினால் வரும் வெண்புகை காய்ச்சலையும் நடுக்கத்தையும் கொண்டுவரும். ஒட்டும் இடத்தில் நாகப் பூச்சை முதலில் தேய்த்து எடுத்துவிட வேண்டும்.

வேலையும் ஒழுங்கும்

வெட்டுவதற்கு முன் அளவு எடுங்கள். போல்ற் துவாரத்தில் இருந்து அடிச்சட்டத்தின் இரண்டு மூன்று நிலையான புள்ளிகளுக்கு உள்ள தூரத்தை எழுதி வையுங்கள். மறுபக்கத்தையும், குறுக்கு மூலைவிட்டத்தையும் அளந்து ஒப்பிடுங்கள். புதிய பிடிமானம் சிறிது விலகினாலும் அக்சில் சரிந்து நின்று, வாகனம் நண்டுபோல ஓடும்.

வெடிப்பு மட்டும் என்றால், அதன் இரு முனையிலும் சிறு துவாரம் போடுங்கள். வெடிப்பு மேலும் ஓடாமல் தடுப்பது அதுதான். பிறகு வெடிப்பின் நீளத்துக்குக் கிறைண்டரால் வாய்க்கால் போல் அரைத்து, அடிவரை நிரம்பும்படி ஒட்டுங்கள்.

அரித்த இடம் என்றால், பளிச்சென்ற இரும்பு, முழுத் தடிப்போடு தெரியும்வரை வெட்டிக்கொண்டு போங்கள். கை வலித்தாலும் இடையில் நிறுத்தாதீர்கள்.

வலுவூட்டும் தகட்டுக்குப் பொதுவாக 3/16 அங்குலம், அதாவது ஏறக்குறைய 5 மில்லிமீற்றர் தடிப்பு போதுமானது. தடித்த தகடு வைத்தால் இன்னும் பலம் என்று எண்ண வேண்டாம். மெல்லிய சட்டத்தில் மிகத் தடித்த தகட்டை வைத்தால், தகடு முடியும் விளிம்பில் விசை எல்லாம் குவிந்து அங்கேயே புதிதாக வெடிக்கும். அதே காரணத்தால் தகட்டைச் சதுரமாக வெட்டி, சட்டத்துக்குக் குறுக்கே நேராக ஒட்டக் கூடாது. முனைகளைச் சாய்வாக, மீன் வடிவில் வெட்டி, மூலைகளை உருட்டிவிடுங்கள். தகட்டின் நடுவே சில துவாரம் போட்டு அவற்றையும் ஒட்டால் நிரப்பினால், பிடிப்பு பரவலாகும்.

முதலில் நாலைந்து இடத்தில் புள்ளி ஒட்டு மட்டும் போடுங்கள். அளவை மீண்டும் சரிபாருங்கள். பிறகு ஓர் அங்குலம் இங்கே, ஓர் அங்குலம் எதிர்ப்பக்கம் என்று மாற்றி மாற்றி ஒட்டுங்கள். ஒரே மூச்சில் ஒட்டினால் சூட்டில் சட்டம் வளையும். வீட்டு மின்சாரத்தில் ஓடும் சிறிய வெல்டிங் இயந்திரங்கள் இந்தத் தடிப்புக்குப் போதாமல் இருக்கலாம். ஒட்டு மேலே அழகாக உட்கார்ந்திருக்கும். ஆனால் இரும்புக்குள் இறங்கியிருக்காது. அதே தடிப்புள்ள இரண்டு துண்டுகளை முதலில் ஒட்டி, குறட்டில் பிடித்துச் சுத்தியலால் அடித்துப் பாருங்கள். ஒட்டு கழன்றால் அந்த இயந்திரத்தை இந்த வேலைக்கு எடுக்காதீர்கள்.

முட்டை வடிவமான துவாரத்துக்கு, சரியான அளவுத் துவாரமுள்ள தடித்த வாஷரை இருபுறமும் வைத்து ஒட்டலாம். பழைய போல்ற்றை மறுபடி பூட்ட வேண்டாம். மெட்ரிக் அளவில் 10.9 என்று தலையில் பொறித்த புதிய போல்ற்றும், பூட்டு நட்டும் வாங்குங்கள்.

பலர் தவறவிடும் விடயம் ஒன்று: ரப்பர் புஷ் உள்ள போல்ற்றுகளை, வாகனம் அந்தரத்தில் தூக்கி நிற்கும்போது இறுக்கக் கூடாது. வாகனத்தைச் சக்கரத்தில் இறக்கி, பாரம் விழுந்த பின்னரே முழுதாக இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் ரப்பர் எப்போதும் முறுகியே நின்று சீக்கிரம் கிழியும். எவ்வளவு இறுக்கம் என்பதை அந்த வருட மாதிரிக்குரிய கைநூலில் பார்த்து, அளவுச் சாவியால் இறுக்குங்கள். சில நாட்கள் ஓடிய பின் மறுபடி சோதியுங்கள். சக்கர நேர்ப்படுத்தலையும் செய்துகொள்ளுங்கள்.

கடைசியாகப் பாதுகாப்பு. அடிச்சட்டத்தின் உள்ளே தோட்டத்துக் குழாயை விட்டுச் சேறு முழுவதையும் வெளியேற்றி, அடியில் உள்ள வடிகால் துவாரங்களைத் திறந்து, நன்றாக உலரவிடுங்கள். பிறகு நீண்ட குழாய் முனையால் உட்பக்கம் மெழுகு தெளித்து, வெளியே பெயின்ற் அடியுங்கள். தடித்த தார் போன்ற பூச்சைக் கறளுக்கு மேல் பூசாதீர்கள். அது ஈரத்தை உள்ளே பூட்டிவைக்கும். ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் எண்ணெய் தெளிப்பதே இந்த நாட்டுக்கு ஏற்றது.

நேயர்கள் கேட்ட மூன்று கேள்விகள்

அடிப்பாகம் முழுக்கப் புதிதாகக் கறுப்புப் பூச்சு அடித்த ஜீப் ஒன்று மலிவாக வருகின்றது. வாங்கலாமா?

விற்பதற்குச் சற்று முன் அடித்த பூச்சை நம்ப வேண்டாம். சுத்தியலால் தட்டிப் பார்க்க அனுமதி கேளுங்கள். விற்பவர் மறுத்தால் அதுவே உங்களுக்கு விடை. வெளியே உள்ள ஒரு கராஜில் தூக்கிக் காட்டிய பிறகே பணம் கொடுங்கள். கறளால் ஓட்டையான அடிச்சட்டத்தோடு ஒன்ராறியோவில் பாதுகாப்புச் சோதனையில் தேறுவது நடவாத காரியம். "சேப்ரி எடுத்துத் தாறன்" என்ற வாய்ப்பேச்சும் போதாது.

நான் ஊரில் வெல்டிங் வேலை செய்தவன். மகனின் ஜீப்பை நானே ஒட்டலாமா?

வெடித்த பிறக்கெற்றை, மேலே சொன்ன ஒழுங்கில், தாராளமாக ஒட்டலாம். அடிச்சட்டத்தை வெட்டும் வேலையாக இருந்தால், கனடிய வெல்டிங் பீரோவின் தகுதித் தேர்வில் தேறிய ஒருவரை வைத்துச் செய்யுங்கள். வெட்டுவது, சுத்தம் செய்வது, அளப்பது எல்லாம் நீங்களும் மகனும் சேர்ந்து செய்தால் கூலியும் குறையும். அவரும் வேலை பழகுவார். ஒவ்வொரு கட்டத்தையும் படம் எடுத்து வையுங்கள். சோதனைக்கும், பின்னொரு நாள் விற்பதற்கும் அது உதவும்.

சத்தம் மட்டும்தான் வருகின்றது. கோடை வரை ஓடலாமா?

புஷ் தேய்ந்த சத்தமாகவும் இருக்கலாம், பிடிமானம் கிழிகின்ற சத்தமாகவும் இருக்கலாம். காதால் கேட்டு இரண்டையும் பிரித்தறிய முடியாது. பார்த்து முடியும்வரை நெடுஞ்சாலைக்குக் கொண்டுபோக வேண்டாம்.

பனி முடிந்து, முதல் வசந்த மழை வீதி உப்பைக் கழுவியதும், ஒரு சனிக்கிழமை காலையை இதற்கென ஒதுக்குங்கள். சுத்தியல், ஸ்குறூ டிரைவர், சோக்கட்டி, ரோர்ச் லைற் ஆகிய நாலும் போதும். ஜீப் மட்டுமல்ல, வீட்டில் நிற்கும் எந்தப் பழைய வாகனத்தையும் அன்றே பார்த்துவிடுங்கள். சந்தேகம் இருந்தால் அடுத்த உரையின்போது வானொலிக்கு அழைத்துக் கேளுங்கள்.